தடுப்பாட்டத்தில் தண்டம் விழுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எஃப்.ஆர்.சி. எனப்படும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் கூட்டணிக்கு மூன்று ரோபோ என்ற கணக்கில் சிவப்பும் நீலமும் எதிரெதிரே ஆடுகின்றன. 2024இல் முதல் 15 வினாடி ரோபோ தன் நிரலின்படி தானாக ஓட வேண்டியிருந்தது; அதன்பின் வந்த 2 நிமிடம் 15 வினாடியை மாணவர்கள் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று ஓட்டினார்கள். புள்ளி சேர்ப்பதைப் போலவே எதிரணியைச் சேர்க்கவிடாமல் மறிப்பதும் இங்கே முறையான ஆட்டம்தான். ஆயினும் மறிக்கப் போன அணி தண்டம் வாங்கித் திரும்புவதும், அது ஏன் விழுந்தது என்று விளங்காமலே அடுத்த ஆட்டத்துக்குப் போய் அதே தவற்றைச் செய்வதும் ஒவ்வொரு போட்டித் திடலிலும் காணக்கூடிய காட்சி.

கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் அணிக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்கலாம். எடுத்துக்காட்டாக 2024ஆம் ஆண்டின் கிரெஷெண்டோ ஆட்டத்தை வைத்திருக்கிறேன். ஏனெனில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளும் திறந்த வெளியும் அதில் தெளிவாகப் பிரிந்திருந்தன. ஆரஞ்சு நிற நுரை வளையங்களான நோட்டுகளைச் சோர்ஸிலிருந்து எடுத்துவந்து ஸ்பீக்கரிலோ ஆம்பிலோ சேர்ப்பதும், கடைசியில் ஸ்டேஜின் சங்கிலியில் தொங்குவதும் அந்த ஆட்டத்தின் சாரம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆட்டமும் விதிநூலும் மாறும் என்பதால் எண்களை அந்தந்த ஆண்டின் விதிநூலோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். நோயின் போக்கு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை.

அறிகுறி: எதிராளியை நன்றாக அடக்கினோம், ஆனாலும் தோற்றோம்

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 2024இல் சிறு தண்டமான ஃபவுலுக்கு 2 புள்ளியும் பெரிய தண்டமான டெக் ஃபவுலுக்கு 5 புள்ளியும் எதிரணிக்குப் போயின. ஓட்டுநர்கள் ஆடும் நேரத்தில் ஸ்பீக்கரில் விழும் சாதாரண நோட்டுக்கு 2 புள்ளி, ஆம்ப் மூலம் பெருக்கம் பெற்ற 10 வினாடிக்குள் விழும் நோட்டுக்கு 5 புள்ளி. ஆக, ஒரு டெக் ஃபவுல் என்பது எதிரணியின் சிறந்த நோட்டு ஒன்றை நீங்களே கொண்டுபோய் அவர்கள் ஸ்பீக்கரில் போட்டதற்குச் சமம்.

எட்டு நோட்டு போடக்கூடிய ரோபோவை மறித்து ஐந்தோடு நிறுத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சாதாரண நோட்டுகள் என்றால் நீங்கள் காப்பாற்றியது 6 புள்ளி. அதற்கிடையே இரண்டு டெக் ஃபவுல் வாங்கியிருந்தால் கொடுத்தது 10 புள்ளி. மறிக்கப் போன உங்கள் ரோபோ அந்த நேரத்தில் தானே போட்டிருக்கக்கூடிய நோட்டுகளையும் இழப்பில் சேர்த்தால் தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தண்டத்தின் எடை ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால் போன ஆண்டின் துணிச்சலை இந்த ஆண்டுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. 2018இல் ஃபவுல் 5, டெக் ஃபவுல் 25 புள்ளி. 2023இல் 5, 12. 2025இல் சிறு ஃபவுலுக்கு 2, பெரு ஃபவுலுக்கு 6. 2023இன் சார்ஜ்டு அப் ஆட்டத்தில் மேல் வரிசையில் வைத்த ஒரு பொருளுக்கு ஓட்டுநர் நேரத்தில் 5 புள்ளிதான் என்பதால், ஒரு டெக் ஃபவுல் அத்தகைய இரண்டு பொருள்களைவிடக் கனமாக இருந்தது. எனவே விதிநூல் வந்த நாளிலேயே தண்டத்தின் மதிப்பை பொருளை எடுத்துவந்து சேர்க்கும் ஒரு நல்ல சுழற்சியின் மதிப்போடு வகுத்துப் பார்த்து, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை தண்டம் வரை தாங்கும் என்று எழுதிவைக்க வேண்டும். என் கணிப்பில் அந்த எண் பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றைத் தாண்டாது.

இறுதிக் கட்ட ஆட்டங்களில் இன்னொரு கூர்மையும் உண்டு. 2024 விதிநூலின்படி அங்கே ஆட்டம் சமநிலையில் முடிந்தால் முதலில் பார்க்கப்பட்டது எதிரணியின் டெக் ஃபவுலால் கிடைத்த புள்ளிகளே.

அறிகுறி: அவர்கள்தான் வந்து மோதினார்கள், தண்டம் மட்டும் எங்களுக்கு

மாணவர்களை மிகவும் கொதிக்கவைக்கும் தீர்ப்பு இதுதான். பெரும்பாலும் சரியான தீர்ப்பும் இதுதான். சாலை விபத்தில் யார் இடித்தார்கள் என்று பார்ப்பது போல இங்கும் பார்ப்பார்கள் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தொடர்பை யார் தொடங்கினார்கள் என்பது கணக்கில்லை என்று விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. 2024இல் எதிரணியின் சோர்ஸ் பகுதியிலோ ஆம்ப் பகுதியிலோ இரண்டு ரோபோக்களில் எதன் பம்பராவது சிறிதளவு உள்ளே இருந்து, அந்த நேரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டால், குற்றம் விருந்தாளியின் மேல்தான். எதிரணி ரோபோ தன் ஸ்டேஜின் ஒரு பகுதியான போடியத்தைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் அதே பாதுகாப்பு அதற்கு உண்டு. நேரடியாகத் தொடாமல் நடுவில் ஒரு நோட்டு சிக்கி அதன் வழியே அழுத்தம் போனாலும் அது தொடர்பாகவே எண்ணப்படும்.

சரிபார்க்க வேண்டியது மோதலின் வேகம் அன்று, மோதல் நடந்த இடம். ஆட்டத்தின் காணொளியை நிறுத்தி, தொடர்பு நடந்த கணத்தில் இரண்டு ரோபோக்களின் பம்பர்களும் தரையில் ஒட்டிய நாடாவுக்கு எந்தப் பக்கம் இருந்தன என்று மட்டும் பாருங்கள். மூன்று நான்கு ஆட்டங்களைப் பார்த்தாலே தண்டங்கள் ஒரே மூலையில் குவிந்திருப்பது தெரிந்துவிடும்.

கிரெஷெண்டோவில் அந்த மூலை பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில் இருந்தது. ஒரு கூட்டணியின் சோர்ஸ் அதன் ஸ்பீக்கர் இருக்கும் முனையில் இல்லாமல் திடலின் மறுமுனையில், எதிரணி ஓட்டுநர்கள் நிற்கும் சுவரை ஒட்டி இருந்தது. அதாவது எதிரணியின் பாதுகாக்கப்பட்ட சோர்ஸ் பகுதி உங்கள் வீட்டு முற்றத்திலேயே இருந்தது. நம் பக்கம்தானே என்று கவலையின்றித் திரும்பிய ரோபோ, நோட்டு எடுக்க வந்து நின்ற எதிராளியின் பின்புறத்தை உரசிவிட்டு, தடுப்பாட்டமே ஆடாமல் தண்டம் வாங்கியது.

தீர்வு இரண்டு நிலைகளில் இருக்கிறது. பயிற்சித் தரையில் அந்தப் பகுதிகளை நாடா ஒட்டிக் குறித்து, நாடாவுக்கு ஒரு பம்பர் அகலம் முன்பே திரும்பிவிடும் பழக்கத்தை ஓட்டுநருக்கு ஏற்படுத்துங்கள், ஏறத்தாழ 16.5 மீட்டர் நீளமுள்ள திடலின் மறுகோடியில் ரோபோ கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை ஓட்டுநரின் கண்ணால் நிச்சயிக்க முடியாது என்பதால் இந்த இடைவெளி தேவைப்படுகிறது. அடுத்ததாக, மறிக்கும் இடத்தையே மாற்றுங்கள். எதிராளி நோட்டோடு நடுத்திடலைக் கடந்து வரும் பாதையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அங்கே இரண்டு வினாடி தாமதப்படுத்துவது, போடியத்தருகே ஐந்து வினாடி தாமதப்படுத்த முயன்று தண்டம் வாங்குவதைவிடப் பன்மடங்கு மேல்.

அறிகுறி: பின் (pin) பிடியை விட்டுவிட்டோம், நடுவர் எண்ணுவதை விடவில்லை

எதிராளி நகர முயன்றுகொண்டிருக்கும்போது, அதைச் சுவரோடோ வேறு பொருளோடோ சேர்த்து அழுத்தி நகரவிடாமல் செய்வது பின் எனப்படும். 2023, 2024 விதிநூல்களில் அதற்கான வரம்பு 5 வினாடி. அதைத் தாண்டினால் தண்டம். திருத்திக்கொள்ளாமல் கடக்கும் ஒவ்வொரு 5 வினாடிக்கும் ஒரு டெக் ஃபவுல் கூடிக்கொண்டே போகும்.

இந்த 5 வினாடியை எல்லா அணிகளும் மனப்பாடமாக வைத்திருக்கின்றன. எண்ணிக்கை எப்போது முடிகிறது என்ற பாதியைத்தான் படிக்காமல் விட்டுவிடுகின்றன. இரண்டு ரோபோக்களும் ஒன்றைவிட்டு ஒன்று 6 அடி விலகி 3 வினாடிக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது பின் தொடங்கிய இடத்திலிருந்து ஏதாவது ஒன்று 6 அடி நகர்ந்து 3 வினாடிக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது பின் செய்த ரோபோவே பின்னில் மாட்ட வேண்டும். 6 அடி விலகிய கணத்தில் எண்ணிக்கை நின்று காத்திருக்கும்; 3 வினாடிக்குள் திரும்பி நெருங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான்கு வினாடி அழுத்தி, ஓரடி பின்வாங்கி, மறுபடி அழுத்தும் ஓட்டுநர் தான் புதிதாக எண்ணிக்கை தொடங்கியதாக நினைக்கிறார். நடுவரின் கணக்கில் அது ஒரே பின்.

எனவே எண்ணும் பொறுப்பை ஓட்டுநரிடம் விடாதீர்கள். கட்டுப்பாட்டுக் கருவியைத் தொட அனுமதியில்லாத பயிற்சியாளருக்குக் குரல் மட்டுமே உண்டு. அந்தக் குரல் இங்கேதான் பயன்பட வேண்டும். தொடர்பு தொடங்கியதும் அவர் உரக்க எண்ணி, மூன்றில் "விடு" என்று சொல்ல வேண்டும். ஓட்டுநர் உடனே முழுவேகத்தில் பின்வாங்கி, எதிராளி இருந்த இடத்துக்கே திரும்பாமல், அது அடுத்துப் போகப்போகும் பாதையின் குறுக்கே சென்று நிற்க வேண்டும். விலகும் அந்த மூன்று வினாடி வீணாகிறதே என்று மாணவர்கள் வருந்துவார்கள். அப்படியன்று, எதிராளி தன் பாதையை மாற்றி, குறிபார்த்ததை மறுபடி பார்க்க வேண்டிய நேரமும் அதுதான்.

அறிகுறி: பம்பரால்தான் தள்ளினோம், உள்ளே தொட்டதாக ஃபவுல்

நோட்டை உள்ளே இழுக்கும் கருவியான இன்டேக் வெளியே நீண்டிருந்ததா என்று பாருங்கள். 2024இல் ரோபோ தன் சட்டக விளிம்பைத் தாண்டி 12 அங்குலம் வரை நீளலாம். ஆனால் அப்படி நீண்ட உறுப்பால், எதிராளியின் சட்டகத்துக்கு நேர்மேலே உள்ள வெளிக்குள் தொடர்பைத் தொடங்கக் கூடாது. நோட்டு எடுத்த இன்டேக்கை உள்ளே மடக்க மறந்து, அதே வேகத்தில் எதிராளியின் மேல் போய் மோதினால் பம்பர் தொடும் முன்பே இன்டேக் எதிராளியின் வயிற்றுக்குள் புகுந்துவிடும். அங்கே ஒரு கம்பியோ சங்கிலியோ அறுந்தால் விஷயம் ஃபவுலோடு நிற்காது. நோக்கம் இல்லாவிட்டாலும் உள்ளே தொட்டுப் பழுதாக்கியதற்கு டெக் ஃபவுலோடு மஞ்சள் அட்டை வரும், எதிராளி ஓட முடியாமல் நின்றுவிட்டால் சிவப்பு அட்டை வரும்.

ஓட்டுநரின் நினைவை நம்பாமல் நிரலில் தீர்க்க வேண்டிய பிழை இது. ஒரே பொத்தானில் இன்டேக், கை, ஏறும் கருவி எல்லாம் சட்டகத்துக்குள் மடங்கும் தடுப்பு நிலை ஒன்றை எழுதி, அந்த நிலையில் இருக்கும்வரை இன்டேக் பொத்தான் வேலை செய்யாதபடி பூட்டிவிடுங்கள். எதிராளி தன் கையை வெளியே நீட்டி, அதை உங்கள் பம்பர் வழக்கமான மோதலில் வளைத்துவிட்டால் அது வேறு கதை. சட்டகத்துக்கு வெளியே நீட்டுபவர் தம் பொறுப்பில் நீட்டுகிறார் என்பதுதான் விதிநூலின் பார்வை.

அறிகுறி: எதிராளி கவிழ்ந்தது, எங்களுக்கு மஞ்சள் அட்டை

வழக்கமான மோதல் ஒன்றில் எதிராளி தற்செயலாகச் சாய்ந்தால் அது குற்றமன்று. சாயத் தொடங்கியதைப் பார்த்தபின்னும், தவிர்த்திருக்கக்கூடிய நிலையில், தொடர்ந்து தள்ளினால் குற்றம். ஆப்பு போன்ற அமைப்பால் அடியிலிருந்து தூக்கினால் குற்றம். விழுந்த ரோபோ எழ முயலும்போது மறுபடி இடித்து வீழ்த்தினாலும் குற்றம். எதிராளியின் ஒரு பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழுவதைக் கண்ட கணமே ஓட்டுநரின் கை விசையைவிட்டு எடுத்துவிட வேண்டும். இதைப் பயிற்சியில் ஒரு கட்டளையாகவே பழக்கலாம்.

இரண்டாவது மஞ்சள் அட்டை சிவப்பாக மாறும். தகுதிச் சுற்றில் சிவப்பு அட்டை வாங்கிய அணிக்கு அந்த ஆட்டத்தில் தரவரிசைப் புள்ளி எதுவும் கிடைக்காது. இறுதிக் கட்டத்தில் அதுவே கூட்டணி முழுவதையும் அந்த ஆட்டத்திலிருந்து தகுதிநீக்கும். உங்கள் ஒருவரின் ஆத்திரத்துக்கு இன்னும் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள் விலை கொடுப்பார்கள் என்பதை ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அறிகுறி: தள்ளும்போது ரோபோ திக்கித் திக்கி நிற்கிறது

இது விதிப்பிழை இல்லை, மின்பிழை. ஆனால் தண்டத்தில் போய் முடிவதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. எதிராளியோடு மல்லுக்கட்டும்போது சக்கரங்கள் சுழலாமல் மோட்டார்கள் மட்டும் மின்னோட்டத்தை இழுக்கின்றன. 12 வோல்ட் மின்கலத்தின் அழுத்தம் சரிந்து, ரோபோவின் மையக் கட்டுப்படுத்தியான ரோபோரியோவின் முதல் தலைமுறையில் 6.3 வோல்ட்டையும் இரண்டாம் தலைமுறையில் 6.75 வோல்ட்டையும் தொட்டால், கட்டுப்படுத்தி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களுக்கான வெளியீட்டை நிறுத்திவிடுகிறது. அழுத்தம் ஏறியதும் மறுபடி ஓடும்; உடனே மறுபடி சரியும். ஓட்டுநருக்கு அது விக்கல் போலத் தெரியும். அந்த விக்கல் எதிராளியைச் சுவரோடு அழுத்திய நிலையில் வந்தால், பின்னை விட நினைத்தாலும் விலக முடியாமல் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டும்.

ஆட்டப் பதிவில் மின்கல அழுத்தக் கோட்டைத் திறந்து பாருங்கள். மோதல் நேரங்களில் மட்டும் பள்ளம் விழுந்தால் ஓட்ட மோட்டார்களுக்கு மின்னோட்ட வரம்பு வையுங்கள். தள்ளும் விசைக்கு மேல்வரம்பு ரோபோவின் எடையும் சக்கரத்தின் பிடிப்பும்தான். சக்கரம் வழுக்கத் தொடங்கியபின் கூடுதல் மின்னோட்டம் எதையும் தள்ளாது, மின்கலத்தைத்தான் வடிக்கும். ஆகவே சக்கரம் வழுக்கும் எல்லைக்குச் சற்று மேலே வரம்பை நிறுத்தினால் தள்ளும் பலம் குறையாது. மோதாத நேரத்திலும் பள்ளம் விழுந்தால் மின்கல முனையின் திருகாணியை முதலில் அசைத்துப் பாருங்கள். அது கையால் அசைந்தால் நோயை அங்கேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அறிகுறி: எங்களை ஒருவன் மறிக்கிறான், தப்ப முடியவில்லை, தண்டமும் அவனுக்கு விழவில்லை

மறிப்பவன் உங்கள் பக்கவாட்டில் செங்குத்தாக வந்து மோதினால், டாங்க் ஓட்ட ரோபோ முன்னும் பின்னும் மட்டுமே நகரக்கூடியது என்பதால், எதிர்த்துத் தள்ள வழியே இல்லாமல் போகிறது. அந்த நிலையில் முன்னோக்கி ஓடிக்கொண்டே மெல்லத் திரும்பி, அவன் பம்பரின் மேல் உருண்டு கழன்றுவர வேண்டும். எந்தத் திசையிலும் நகரக்கூடிய ஸ்வெர்வ் ஓட்டம் உள்ளவர்கள் நேரெதிரே தள்ளும் ஆசையை அடக்கி, மோதலுக்குக் குறுக்கான திசையில் நழுவிக்கொண்டே உடலைச் சுழற்றினால் ஓரிரு வினாடியில் விடுபடலாம். எதிர்த்துத் தள்ளினால் நடப்பது அவன் விரும்பியதுதான். அவன் தேடி வந்தது உங்கள் நேரத்தை.

அடுத்த வழி, குறிபார்க்கும் இடத்தைப் போடியம் போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்துக்கு மாற்றுவது. அங்கே தொட்டால் தண்டம் என்று அறிந்த எதிராளி பெரும்பாலும் நெருங்கமாட்டான். இதற்கும் தண்டத்தை வலிந்து வரவழைப்பதற்கும் இடையே உள்ள கோட்டை மாணவர்களுக்குத் தெளிவாகக் காட்டிவிட வேண்டும். புள்ளி சேர்ப்பதற்காகப் போடியத்தைத் தொட்டு நிற்பது இயல்பான ஆட்டம். எதிராளியை விதிமீறவைப்பதையே குறியாகக் கொண்டு, அவனைத் தள்ளிக்கொண்டுபோய் உங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நிறுத்துவது விதிநூல் வெளிப்படையாகத் தடுத்த செயல். அப்படி வரவழைத்த மீறலுக்கு அவனுக்குத் தண்டம் விழாது, உங்களுக்குத்தான் விழும்.

அறிகுறி: தொடவே இல்லை, வழியை அடைத்ததாகத் தண்டம்

உங்கள் கூட்டணியின் இரண்டு ரோபோக்கள் ஒரே வாயிலில் அருகருகே நின்றிருக்கும். இரண்டோ மூன்றோ சேர்ந்து ஆட்டத்தின் முக்கியமான பகுதி ஒன்றை எதிரணிக்கு அடைத்துவிடக் கூடாது. அவை சேர்ந்து செயல்படுவது போல நடுவருக்குத் தோன்றினாலே போதும், பேசிவைத்துச் செய்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தடுப்பவர் யார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே ஒருவராக முடிவு செய்துவிட்டு, மற்ற இருவரும் அந்தப் பக்கம் நிற்காமல் கடந்துபோகும்படி பாதைகளைப் பிரித்துக்கொண்டால் இது வராது.

அறிகுறி: தண்டம் முதல் 15 வினாடியிலோ கடைசி 20 வினாடியிலோ மட்டும் விழுகிறது

இரண்டும் கடிகாரத்தோடு மாறும் விதிகள். தானியங்கி நேரத்தில் நடுக்கோட்டை முழுவதுமாகத் தாண்டிய ரோபோ எதிராளியைத் தொடக் கூடாது. 2024இல் நடுக்கோட்டின் மேலேயே ஐந்து நோட்டுகள் கிடந்ததால் அவற்றை எடுக்க ஓடிய ரோபோக்கள் தடம் பிசகினால் தண்டத்தில் முடிந்தது. நிரலில் பம்பரின் ஒரு பகுதியாவது நம் பக்கமே இருக்கும்படி எல்லை வையுங்கள். கடைசி 20 வினாடியில் எதிரணியின் ஸ்டேஜ் பகுதி பாதுகாக்கப்பட்டதாகிறது. அதுவரை குறுக்கே ஓடிய அதே வழி அப்போது கண்ணிவெடியாகிறது. பயிற்சியாளர் இன்னும் 25 வினாடி இருக்கும்போதே "வெளியே வா" என்று குரல் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: தீர்ப்பே தவறு என்று உறுதியாகத் தெரிகிறது

திடலின் ஓரத்தில் அதற்கென ஒதுக்கிய கேள்விக் கட்டத்தில் ஓட்டுநர் குழுவின் பள்ளி மாணவர் ஒருவர், விதிநூல் தரும் அவகாசத்துக்குள் போய் நிற்க வேண்டும். பெரியவர்கள் போய்ப் பேச இடமில்லை. தலைமை நடுவர் எந்தக் காணொளியையும் எந்தப் படத்தையும் எந்தச் சூழலிலும் பார்க்கமாட்டார் என்று 2024 விதிநூல் சொன்னதால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போவதில் பயனில்லாமல் இருந்தது. விதியின் எண்ணையும், தொடர்பு நடந்த இடத்தையும், ஏறத்தாழ எந்த வினாடி என்பதையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். "எங்கள் ரோபோவின் பம்பர் அப்போது எந்தப் பகுதியில் இருந்ததாக நீங்கள் கண்டீர்கள்?" என்று கேட்கும் மாணவருக்குத் தெளிவான விடை கிடைக்கும். தீர்ப்பு மாறாவிட்டாலும், அடுத்த ஆட்டத்துக்குள் ஓட்டுநரிடம் எதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்பது அந்த விடையில் இருக்கும்.